ஹில்லியார்ட் சிற்றோவியத்தில் முத்துகள் ஏன் கறுப்பாக இருக்கின்றன?

அவை கறுப்பு முத்துகள் இல்லை, வெள்ளை முத்துகள்தான். இந்தப் படத்தைப் பார்த்து நாடக உடை தயாரிப்பதாக இருந்தால், அதில் கறுப்பு மணி தைக்க வேண்டாம்.

முதலாம் எலிசபெத் காலத்து இங்கிலாந்தில் சிற்றோவியர் நிக்கோலஸ் ஹில்லியார்ட் (சுமார் 1547–1619) முத்து வரைந்த விதமே தனி. ஈய வெள்ளையை (ஈயத்திலிருந்து செய்த வெள்ளை நிறமி) கெட்டியாக ஒரு சொட்டு வைப்பார். அது மேடாகக் காயும். அதன் மேல் வெள்ளித்தூளால் ஒரு புள்ளி. பிறகு ஃபெரட் போன்ற சின்ன விலங்கின் பல்லால் தேய்த்து மெருகேற்றுவார். வரைந்த அன்று அது நிஜ முத்தாகவே மின்னியிருக்கும். 400 வருடத்தில் வெள்ளி கறுத்துவிட்டது, வீட்டுக் கொலுசு கறுக்கிற மாதிரி.

படத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். 1572-ல் அவர் வரைந்த எலிசபெத் படமே 51 மி.மீ. உயரம்தான், சும்மா பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. ஒவ்வொரு முத்திலும் கறுப்பு ஒரே இடத்தில் பொட்டு போல இருந்து, சுற்றிலும் வெள்ளை தெரிந்தால் அது வெள்ளிதான். அப்புறம் அதே காலத்துப் பெரிய எண்ணெய் வண்ண ஓவியங்களில் முத்து என்ன நிறத்தில் இருக்கிறது என்று ஒப்பிடுங்கள்.

ஆனால் எல்லாக் கறுப்பையும் வெள்ளையாக்கிவிடாதீர்கள். உடையின் கைப்பகுதியில் தெரியும் கறுப்புப் பூவும் கொடியும் உண்மையான தையல் வேலையாக இருக்கலாம். வெள்ளை லினனில் கறுப்புப் பட்டு நூலால் தைப்பது அன்று சீமாட்டிகளிடம் மிகவும் பிரபலம்.

ஒப்பனையிலும் கவனம். இந்தப் படங்கள் பலவற்றில் கன்னத்துச் சிவப்பு வெளிச்சம் பட்டு மங்கிப்போயிருக்கிறது. அதை நம்பி நடிகையின் முகத்தைச் சுண்ணாம்பு வெள்ளையாக்க வேண்டாம்.