விடை தெரிந்த இடத்தில் தத்துவம்

அன்புள்ள ஐயா,

என் அக்கா மகன் ஒரு சிறிய கத்தோலிக்கக் கல்லூரியில் சேரப்போகிறேன் என்கிறான். அங்கே இருப்பது இரண்டே பாடங்கள், மெய்யியலும் இறையியலும். அவன் குருவாகப் போகிறவனும் இல்லை. எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது, ஆனால் தத்துவம் விரும்பி வாசிப்பேன். திருச்சபை நடத்தும் இடத்தில் விடை முன்பே முடிவாகிவிட்டதே, அங்கே தத்துவம் எப்படி நேர்மையாக நடக்கும்? வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அவசரப்பட்டு வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். உங்கள் சந்தேகம் நியாயமானது. ஆனால் அந்தச் சந்தேகத்தை அந்த மரபே எப்படிக் கையாண்டது என்று பாருங்கள்.

கத்தோலிக்கத் துறவியும் தத்துவவாதியுமான தாமஸ் அக்வினாஸ் 13ஆம் நூற்றாண்டில் இறையியல் மாணவர்களுக்காக எழுதிய பெருநூல், தத்துவம் இருக்கும்போது இறையியல் எதற்கு என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறது. கொஞ்சம் தள்ளி, கடவுள் இருக்கிறாரா என்று கேட்கிறார். கேட்ட கையோடு, இல்லை என்றே தோன்றுகிறது என்று எழுதி இரண்டு காரணம் தருகிறார். எல்லையற்ற நன்மை ஒன்று இருந்தால் தீமைக்கு இடமே இருக்கக்கூடாது, உலகிலோ தீமை இருக்கிறது. அப்புறம், இயற்கையையும் மனித அறிவையும் விருப்பத்தையும் வைத்தே எல்லாவற்றையும் விளக்கிவிடலாம், கடவுள் தேவைப்படவில்லை. இன்றைய நாத்திகரின் வலுவான வாதங்களும் இவைதானே? ஒரு கேலிச் சொல் கூட இல்லாமல் இவற்றை முன்வைத்த பிறகே, கடவுள் இருக்கிறார் என்று நிறுவும் தன் ஐந்து வழிகளைச் சொல்கிறார், கடைசியில் இரண்டுக்கும் தனித்தனியே பதில் எழுதுகிறார். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில், பிறர் கொள்கைகளை எடுத்துச் சொல்லி மறுக்கும் பரபக்கம் முடிந்து, தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கம் வருவதை வாசித்தவர்களுக்கு இந்த ஒழுங்கு பழக்கமானதுதான். தீமை பற்றி அவர் அங்கே தரும் சுருக்கமான பதில் எனக்கு இன்றுவரை போதவில்லை. ஆனாலும் எதிராளியின் வாதத்தை அவன் சொல்வதைவிடத் தெளிவாகச் சொல்லப் பழகுவது பெரிய படிப்பு. இதைச் சொல்லித்தரும் இடங்கள் எங்கேயும் குறைவு.

இரண்டு பாடங்களும் ஒரே கூரையின் கீழ் இருப்பதற்கும் காரணம் உண்டு. 451இல் ஆயர்கள் கூடிய கால்செதோன் சங்கம், கிறிஸ்து ஒரே ஆள், அவருக்கு இரண்டு இயல்புகள் என்று அறிவித்தது. இயல்பு என்றால் என்ன, ஆள் என்றால் என்ன என்று யோசித்துப் பார்க்காதவன் அதை மனப்பாடம்தான் செய்ய முடியும். குருமாணவர்களின் ஆறு ஆண்டுப் படிப்பில் இரண்டு முழு ஆண்டுகளைத் திருச்சபைச் சட்டம் மெய்யியலுக்கே ஒதுக்குகிறது. திருச்சபைக்கென்று சொந்தத் தத்துவம் கிடையாது, எந்த ஒரு தத்துவத்தையும் அது தனதாக்கிக்கொள்வதில்லை என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1998இல் எழுதினார்.

எல்லை இல்லை என்று நான் சொல்லவில்லை. கத்தோலிக்க உயர்கல்வி நிறுவனத்தில் இறையியல் கற்பிப்பவர் திருச்சபை அதிகாரியின் ஒப்புதல் பெற வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. உங்கள் மருமகன் அதைத் தெரிந்துகொண்டே உள்ளே போகட்டும். வேலி எங்கே இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லும் இடத்தில் அதோடு வாதாடவும் முடியும்.

தத்துவம் வாசிப்பவர் என்கிறீர்கள், காப்பிள்ஸ்டனின் தத்துவ வரலாற்றை நீங்களும் புரட்டியிருக்கலாம். குருமட மாணவர்களை மனதில் வைத்துத்தான் அந்த இயேசு சபைக் குரு அதை எழுதத் தொடங்கினார். நம்பிக்கை இல்லாதவர்களும் இன்றுவரை அதை எடுத்துப் பார்க்கிறார்கள். 1948இல் பிபிசி வானொலியில், கடவுள் நம்பிக்கை இல்லாத தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலோடு கடவுளைப் பற்றி வாதிட்டவரும் அவரே. அவர் பாடம் நடத்திய ஹைத்ராப் கல்லூரி இப்படிப்பட்ட சிறிய இடம்தான். 1614இல் லூவேனில் தொடங்கி, பின்னாளில் லண்டன் பல்கலைக்கழகத்தின் பகுதியானது. இந்த இரண்டு துறைகளையே நம்பியிருந்த அந்தக் கல்லூரி 2018இல் வகுப்புகளை நிறுத்திவிட்டது. எனக்கு அது பெரிய வருத்தம்.

அதனால் நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறு விஷயங்களுக்கு. பட்டத்தைத் தருவது எந்தப் பல்கலைக்கழகம்? அவன் படித்து முடிக்கும்வரை கல்லூரியை நடத்தப் பணம் இருக்கிறதா? நூலகத்துக்குப் புதிய புத்தகங்கள் வருகின்றனவா? பத்துப் பேர் இருக்கும் வகுப்பில் வாசிக்காமல் போய் உட்கார முடியாது, அதற்கு அவன் தயாரா?

முடிந்தால் சேருவதற்கு முன் ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். கடவுளுக்கான வாதங்களைக் கேள்வி கேட்ட தத்துவவாதி டேவிட் ஹியூமை அங்கே அவருடைய எழுத்திலேயே வாசிக்கிறார்களா, அவருக்கான மறுப்பை மட்டும் வாசிக்கிறார்களா என்று கேட்டு வரட்டும். மறுப்பு மட்டும்தான் என்றால், வேறு கல்லூரி பார்க்கலாம் என்று நானே சொல்வேன்.