மாடியில் இருப்பவன் ஏன் இறங்கக் கூடாது?

கேள்வி: வீட்டு ஜெபக்கூட்டத்தில் லூக்கா 17:31-ஐ நான் விளக்க வேண்டும். அந்நாளில் மாடியில் இருப்பவன் வீட்டிலுள்ள பண்டங்களை எடுக்க இறங்கக் கூடாது, வயலில் இருப்பவன் திரும்பக் கூடாது என்கிறது அது. மாடியில் இருப்பவன் இறங்காமல் எப்படித் தப்புவான்? சொத்தை விற்றுவிடச் சொல்கிறதா இந்த வசனம்?

பதில்: படிக்கட்டு உள்ளே இருக்கும் நம் வீடுகளை மனதில் வைத்து வாசிப்பதால் வரும் குழப்பம் இது. இயேசு வாழ்ந்த நாட்டில் மரச்சட்டங்களின்மேல் கிளைகளைப் பரப்பி மண் பூசிய தட்டைக் கூரைதான். எரிகோவில் ராகாப் வேவுகாரரை மறைக்கச் சணல் தட்டைகளைப் பரப்பியதும் (யோசுவா 2:6), பேதுரு ஜெபிக்க ஏறியதும் (அப்போஸ்தலர் 10:9) இப்படிப்பட்ட மேல்வீட்டில்தான். பல வீடுகளில் படி வெளிச்சுவரை ஒட்டியே இருக்கும். ஆகவே, படியில் இறங்கியவன் வாசலுக்குள் நுழையாமல் நேரே போகலாம். இதே எச்சரிக்கையைச் சொல்லும் மாற்கு 13:15 'உள்ளே பிரவேசியாமல்' என்று வெளிப்படையாகவே சொல்கிறது.

அடுத்த வசனமான மாற்கு 13:16-ஐயும் சேர்த்து வாசியுங்கள். வயலில் இருப்பவன் வஸ்திரத்தை எடுக்கத் திரும்பக் கூடாது. உள்ளாடையோடு வேலை செய்பவன் கழற்றி வைத்துவிட்டு வந்த மேலாடை அது. ஏழைக்கு இரவுப் போர்வையும் அதுவே. அதனால்தான் அடகு வாங்கினாலும் பொழுதுபோகுமுன் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறது யாத்திராகமம் 22:26-27. ஆகவே இது ஆடம்பரத்தைக் கண்டிக்கும் வசனம் அல்ல. மிகத் தேவையான பொருளுக்காகக்கூட அந்த நேரத்தில் திரும்பாதே என்கிறது. விற்றுக் கொடுப்பதைப் பற்றிப் பேச வேண்டுமானால் லூக்கா 12:33-ஐ எடுங்கள். இரண்டையும் கலக்க வேண்டாம்.

'லோத்தின் மனைவியை நினைத்துக்கொள்ளுங்கள்' என்ற லூக்கா 17:32-இல்தான் அதிகம் தவறுகிறார்கள். சோதோம் அழிந்தபோது பின்னிட்டுப் பார்த்து உப்புத்தூணானவள் அவள். அவள் நகைக்காகத் திரும்பினாள் என்பது பிரசங்கத்தில் சேர்ந்த கதை. ஆதியாகமம் 19:26 காரணம் எதுவும் சொல்லவில்லை. 16-ஆம் வசனத்தில் லோத்தே தாமதிக்கிறான், தூதர்கள் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோகிறார்கள். வெளியே வந்த பிறகும் மனம் ஊரிலேயே நிற்கலாம் என்பதை இங்கே காட்டுங்கள், அதுவே போதும்.

மாற்கு 13 யூதேயாவிலிருந்து மலைகளுக்கு ஓடுவதைச் சொல்கிறது. லூக்கா 21:20 அதை எருசலேமைச் சேனைகள் சூழும் நாளோடு இணைக்கிறது, கி.பி. 70-இல் தீத்துவின் ரோமப் படை நகரை அழித்தது. லூக்கா 17 பேசுவதோ மனுஷகுமாரன் வெளிப்படும் நாளைப் பற்றி. ஓடிப்போகும் வழி எதுவும் அங்கே இல்லை.

'நாள் நெருங்கிவிட்டது, வீட்டை விற்றுக் காணிக்கை கொடுங்கள்' என்று யாராவது இந்த வசனத்தைக் காட்டினால், எட்டு வசனம் முன்னே போய் 17:23-ஐ வாசித்துக் காட்டுங்கள்: 'இதோ' என்பவர்கள் பின்னே போகாதீர்கள் என்கிறார் இயேசு.