பென்னி மெக்கார்த்தியை 2010 உலகக் கோப்பை அணியில் சேர்க்காதது சரியா?

கேட்டவர் சின்ன வயசுக்காரராகத்தான் இருக்க வேண்டும். தென்னாப்பிரிக்கக் கால்பந்து வீரர் பென்னியின் பழைய கோல்களை யூடியூபில் பார்த்துவிட்டு, 'இவரையா வெளியே உட்கார வைத்தார்கள், அதுவும் உடம்பு போட்டுவிட்டது என்று?' எனக் கொதித்துப் போயிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், நீக்கியது சரி. எனக்கு இன்னும் ஆறவில்லை என்பது வேறு.

பந்தைப் பற்றிப் பேச இவன் யார் என்று கீழே எழுத வருவீர்கள். நான் தவில்காரன், மாயவரம் பக்கம். 2001ல் டர்பனில் ஒரு கோயிலுக்கு வாசிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டேன். எனக்குப் பந்து பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் கோயில் வாட்ச்மேன், டர்பனில் நம்மவர்கள் நிறைய இருக்கும் சாட்ஸ்வொர்த் பகுதிக்காரர். அவருக்குத் தெரிந்த தமிழ் பாதி தேவாரம், மீதி சாப்பாட்டுப் பெயர்கள். அவருக்கு உயிர் மானிங் ரேஞ்சர்ஸ் என்ற டர்பன் கால்பந்து அணி. நம்மவர்கள் வளர்த்த கிளப், 1996-97ல் இந்த நாட்டின் பெரிய லீக்கான பிஎஸ்எல்லின் முதல் பட்டமே அவர்களுக்குத்தான். இப்போது அந்த கிளப் இல்லை, அதைப் பேச ஆரம்பித்தால் அவர் அழுதுவிடுவார். அதற்கு அடுத்தபடி பென்னி.

கேப்டவுனில் ஹானோவர் பார்க் என்ற முரட்டுப் பேட்டையில் வளர்ந்த பையன். 1998 ஆப்பிரிக்கக் கோப்பையில் 7 கோல், அதில் நமீபியாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 4. அதே வருஷம் டென்மார்க்குக்கு எதிராக அவர் அடித்ததுதான் உலகக் கோப்பையில் இந்த நாட்டின் முதல் கோல். இதையெல்லாம் வாட்ச்மேன் விளக்குமாற்றை வைத்துப் பிரகாரத்தில் நடித்தே காட்டுவார். 2004ல் போர்ச்சுகல் கிளப்பான போர்ட்டோவுக்காக மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக பென்னி இரண்டு கோல் அடித்த ராத்திரி நாங்கள் வாட்ச்மேனுடைய அறையில் இருந்தோம். இரண்டாவது தலையால் அடித்தது. இவர் குதித்த குதியில் டீ என் வேட்டியில் கொட்டியது. அந்த வருஷம் போர்ட்டோ ஐரோப்பிய கிளப்களின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக்கையே தூக்கியது.

அப்புறம் 2010. பென்னி இங்கிலாந்தின் வெஸ்ட் ஹாம் கிளப்புக்குப் போன சூட்டிலேயே முழங்காலில் அடி. அங்கே இருந்த காலம் முழுக்க ஒரு கோல்கூட இல்லை. நாட்டுக்காக 31 கோல் அடித்தவர், அவரைத் தாண்டி யாரும் இல்லை. ஆனால் ஜூன் 1 அன்று வந்த 23 பேர் பட்டியலில் பெயர் இல்லை.

அதற்குச் சரியாக ஒரு வாரம் முந்தி என் பெயரும் ஒரு பட்டியலிலிருந்து போயிருந்தது. இடது தோள் பிடித்துக்கொண்டது. தவிலில் இடது கைதான் குச்சி பிடிக்கிற கை. சட்டை மாட்டக்கூட முடியாது, மனைவிதான் மாட்டிவிடுவாள். ஆனாலும் மேடையில் உட்கார்ந்தால் கை தானாக வந்துவிடும் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு கும்பாபிஷேகம் ஒத்துக்கொண்டிருந்தேன். கமிட்டிக்காரர் ஒருவர் போன் செய்தார். "அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்தத் தடவை சின்னப் பையன் வாசிக்கட்டும். நீங்க வந்து ஆசீர்வாதம் பண்ணுங்க." எனக்கு அப்போது வயது 44. ஆசீர்வாதம் பண்ணுகிற வயசா அது?

போனேன். மேடைப் பக்கம் போகவில்லை. சமையல்கட்டுக்குப் பின்னால் பெண்களோடு உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்கினேன். சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி தொடங்கியது. பையன் நன்றாகவே வாசித்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் தொப்பியில், அதாவது தவிலின் இடது பக்கத்தில், குச்சி பளீரென்று விழ வேண்டிய ஓர் இடத்தில் நழுவிப் போய்விட்டான். கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் வலது கை தொடையில் அந்த அடியை அடித்தது. பக்கத்தில் இருந்த அக்கா என்ன கொசுவா என்று கேட்டாள்.

ஜூன் 11, முதல் ஆட்டம், மெக்ஸிகோவோடு. பத்து வயசுப் பையனைக் கூட்டிக்கொண்டு கடற்கரையில் பெரிய திரை வைத்திருந்த இடத்துக்குப் போனேன். முதுகில் 17 போட்ட மஞ்சள் சட்டை அவனுக்கு, பென்னியின் எண். பட்டியல் வருவதற்கு முன்பே வாங்கித் தொலைத்தது. ஊர் முழுக்க வுவுசேலா, அந்த நீளமான பிளாஸ்டிக் ஊதுகுழல். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஒரு மாதம் அந்தச் சத்தத்தை ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எங்கள் நாகஸ்வரம் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஐந்து நிமிடம் போனால் மட்டும் தெருக்கோடி வீட்டுக்காரர் போலீஸுக்குப் போன் போடுவார். அதே மனுஷர் அன்றைக்குத் தன் வீட்டு வாசலில் நின்று ஊதிக்கொண்டிருந்தார், கன்னம் பூரி மாதிரி உப்பி. சரி, விடுங்கள்.

எங்கள் அணியின் ஷபலாலா அடித்த கோலுக்குக் கடற்கரையே எழுந்து ஆடியது. மெக்ஸிகோ திருப்பி அடித்தது, 1-1. கடைசி நிமிடங்களில் எங்கள் ம்பேலாவுக்கு ஒரு பந்து கிடைத்தது. எதிரே கோல்கீப்பர் மட்டும். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது.

"அப்பா, பென்னி இருந்தா?" என்றான் பையன். ஐஸ்கிரீம் வேண்டுமா என்று கேட்டேன்.

பட்டியல் போட்ட பயிற்சியாளர் பரேராவை நான் குறை சொல்லவில்லை. 1994ல் பிரேசிலுக்குக் கோப்பை வாங்கிக்கொடுத்தவர், முழங்கால் சரியில்லாதவரை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? பென்னி 90 நிமிடம் ஓடியிருக்க மாட்டார். ஓட வேண்டாம், கடைசிப் பத்து நிமிடம் அந்த இடத்தில் நிற்கட்டும் என்றுதான் எனக்கு ஆசை. இது நியாயம் இல்லை, ஆசை மட்டும்தான், சண்டைக்கு வராதீர்கள். அதற்குப் பிறகு உருகுவேயிடம் 0-3, பிரான்ஸை 2-1 என ஜெயித்தும் முதல் சுற்றோடு வெளியே. போட்டியை நடத்துகிற நாடு அப்படிப் போனது அதுதான் முதல் தடவை.

பென்னி மறுவருஷம் தென்னாப்பிரிக்காவுக்கே திரும்பி ஓர்லாண்டோ பைரேட்ஸ் கிளப்பில் சேர்ந்து லீக் பட்டம் வாங்கினார். என் தோளுக்கு ஏழு மாதம் ஆனது. இப்போது வாசிக்கிறேன், பெரிய உருப்படிக்குப் பிறகு கொஞ்சம் தைலம் வேண்டும். அந்த மஞ்சள் சட்டை பையனுக்கு எப்போதோ சின்னதாகிவிட்டது. தவிலில் தூசி படாமல் அதைத்தான் போட்டு மூடுகிறேன்.