‘அதுதான் எங்க பாலிசி’: வாசகர் கேள்வி-பதில்

கே: நாலு மாதத்துக்கு முன் புதிதாக வாங்கிய புல்வெட்டும் மெஷின். இழுத்ததும் ஸ்டார்ட் ஆகிறது, ஒரு வரிசை வெட்டுவதற்குள் விக்கி விக்கி நின்றுவிடுகிறது. சோக் போட்டால் மட்டும் ஓடுகிறது. கடையில் ஒரு முறை ரிப்பேர் செய்து தந்தார்கள். மூன்றே வாரத்தில் மறுபடி அதே கோளாறு. ‘விட்டுட்டுப் போங்க, ரிப்பேர்தான் எங்க பாலிசி’ என்கிறார் மேனேஜர். (சாட்ஸ்வொர்த்)

ப: சோக் என்பது காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டுவது. அது போட்டால்தான் ஓடுகிறது என்றால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை. டேங்க் மூடியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். நிற்காமல் ஓடினால் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. மேலே காற்று போகாவிட்டால் பெட்ரோல் கீழே இறங்காது. அப்போதும் நின்றால், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் ஜெட்டில், அதாவது பெட்ரோல் வரும் சின்னத் துளையில் அடைப்பு, அல்லது கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இடைவெளியை அடைக்கும் கேஸ்கெட்டில் காற்றுக் கசிவு. அதை நீங்கள் திறக்க வேண்டாம். நீங்கள் கை வைத்த ஸ்க்ரூவைக் காட்டியே கடைக்காரர் நழுவிவிடுவார். புதுப் பெட்ரோல் ஊற்றி, மெஷின் நிற்பதை ஃபோனில் வீடியோ எடுத்து வையுங்கள்.

இனி அந்தப் பாலிசி. இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்லாவுக்குப் பின்னால் பிரேம் போட்டு மாட்டிவிட்டால் அது சட்டமாகிவிடுமா? இந்தத் தென்னாப்பிரிக்காவில் 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, 2011 முதல் முழுதாக நடப்பில் இருக்கிறது. அதன் 56-ஆம் பிரிவைப் படியுங்கள். பொருள் கைக்கு வந்து 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால் ரிப்பேரா, வேறு பொருளா, பணமா என்று சொல்ல வேண்டியவர் வாங்கியவர். திருப்பி எடுக்கும் செலவு கடையுடையது. ரிப்பேர் செய்து 3 மாதத்துக்குள் கோளாறு திரும்பினால் இன்னொரு ரிப்பேர் என்ற பேச்சே இல்லை: மாற்றித் தர வேண்டும், இல்லையென்றால் பணத்தைத் தர வேண்டும். ‘கம்பெனிக்காரரிடம் பேசிக்கோங்க’ என்பார்கள், அதையும் கேட்காதீர்கள். காசு வாங்கியது கடை. வாயால் சண்டை போடாமல் ஈமெயிலில் கேளுங்கள். மசியாவிட்டால் நுகர்வோர் புகார்களை விசாரிக்கும் கன்ஸ்யூமர் கூட்ஸ் அண்ட் சர்வீசஸ் ஒம்புடுக்குப் புகார் எழுதலாம். நுகர்வோருக்குக் கட்டணம் கிடையாது.

கே: ஏப்ரலில் வெட்டிவிட்டு மெஷினைக் கராஜில் போட்டேன், டேங்க்கில் பெட்ரோல் இருந்தது. இப்போது புரட்டாசி வந்தாயிற்று, ஸ்டார்ட் ஆகி ஆகி நிற்கிறது. கடைக்காரரோடு சண்டை போடலாமா? (டோங்காட்)

ப: போடலாம், தோற்பீர்கள். கெட்டுப்போனது மெஷின் இல்லை, பெட்ரோல். அதை வடித்துவிட்டு, கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழுவுங்கள். பிளேடு பக்கம் கை போகுமுன், எஞ்சினில் பொறி தரும் பிளக்கின் வயரைப் பிடுங்கி வையுங்கள். வடித்ததைச் சாக்கடையில் ஊற்றினீர்கள் என்று எனக்கு எழுதாதீர்கள்.

கே: டூ-ஸ்ட்ரோக் மெஷினுக்குப் பெட்ரோலில் கலக்கும் எண்ணெயைக் கண்ணளவாக ஊற்றினால் போதாதா? (ஃபீனிக்ஸ்)

ப: சாம்பாருக்குப் போதும். மெஷினோடு வந்த புத்தகத்தில் 50-க்கு 1 என்றிருந்தால், 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி எண்ணெய்.

கே: ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து குடிமாறி வந்தவரிடம் 800 ராண்டுக்கு செகண்ட்ஹேண்ட் மெஷின் வாங்கினேன். அவர் வீட்டில் நன்றாக ஓடியது. இங்கே பத்து நிமிஷத்தில் நிற்கிறது, ஆறினால்தான் மறுபடி ஓடுகிறது. ‘ஃபுட்ஸ்டூட்ஸ்’, அதாவது ‘உள்ளது உள்ளபடி வாங்குகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். (பீட்டர்மரிட்ஸ்பர்க்)

ப: அங்கே எவ்வளவு நேரம் ஓட்டிப் பார்த்தீர்கள்? ஒரு நிமிஷமா? சூடானால் நின்று ஆறினால் ஓடுவது பெரும்பாலும் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலின் வேலை. நின்றவுடனே பிளக்கில் பொறி வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் காயிலை மாற்ற வேண்டியதுதான். தனி ஆள் தன் வீட்டுச் சாமானை விற்றால் நான் மேலே சொன்ன சட்டம் உதவாது. குறை தெரிந்தே மறைத்தார் என்று நிரூபித்தால் மட்டும் ஃபுட்ஸ்டூட்ஸ் அவரைக் காப்பாற்றாது. 800 ராண்டுக்கு அந்த அலைச்சல் வேண்டாம். மின்வெட்டுக் காலத்தில் நானும் இப்படி ஒரு ஜெனரேட்டர் வாங்கினேன். இப்போது அதன்மேல் கறிவேப்பிலைத் தொட்டி நிற்கிறது.

கே: நான் பென்ஷன் வாங்குகிறவள். நின்று நின்று போகிற மெஷினைப் பார்க்கச் சொல்லி ஒர்க்ஷாப்பில் விட்டேன். விலை ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் 1,900 ராண்ட் கேட்டு, கட்டினால்தான் தருவோம் என்றார்கள். கட்டிவிட்டேன். (வெருலம்)

ப: உங்கள்மேல் தப்பே இல்லை, அம்மா. சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, மதிப்பீடு தந்து உங்கள் சம்மதம் வாங்காமல் ரிப்பேருக்குக் காசு கேட்கக் கூடாது. மதிப்பீடு வேண்டாம், வேலையைச் செய்யுங்கள் என்றோ, இவ்வளவு வரை செலவு ஆகலாம் என்றோ நீங்களே எழுத்திலோ வேறு பதிவாகவோ சொல்லியிருந்தால்தான் விலக்கு. மகனையோ பேத்தியையோ விட்டு இதை எழுதிக் கேளுங்கள். கூடவே 67-ஆம் பிரிவையும் போடுங்கள்: கழற்றிய பழைய பாகங்களை எடுத்து வைத்து, சுத்தமான டப்பாவில் போட்டு உங்களிடம் திருப்பித் தர வேண்டும். பிளக்கை மாற்றினோம் என்று பில்லில் இருந்தால், அந்தப் பழைய பிளக்கை வாங்கிப் பாருங்கள். நுனி வறண்டு வெளிர்ப் பழுப்பாக இருந்தால், பிளக் போயிற்று என்று உங்கள் தலையில் கட்டியது பொய்க் கணக்கு.