கிரீட்டில் நான்கு நாள்: முதலில் மியூசியமா, அரண்மனையா?

கேள்வி: செப்டம்பர் கடைசி வாரம் கிரீஸின் கிரீட் தீவுக்குப் போகிறோம். ஹெராக்லியோனில் நான்கு நாள் தங்கல். முழங்கால் வலியுள்ள 68 வயது அம்மாவும் பத்து வயது மகனும் உடன் வருகிறார்கள். க்னோசோஸ் அரண்மனையை முதலில் பார்ப்பதா, மியூசியத்தையா? கைடு வேண்டுமா? க்னோசோஸைப் பார்த்துவிட்டால் மற்ற இடிபாடுகளுக்கும் போக வேண்டுமா?

பதில்: மியூசியம் முதலில். ஊர் போய்ச் சேரும் நாளின் மாலையிலேயே அதை முடித்துவிடலாம். க்னோசோஸ் மறுநாள் காலை எட்டு மணிக்கு, கதவு திறக்கும்போதே.

காரணம் எளிது. க்னோசோஸில் தோண்டி எடுத்த நல்ல பொருள்கள் எல்லாம் ஹெராக்லியோன் தொல்லியல் மியூசியத்துக்கு வந்துவிட்டன. க்னோசோஸ் சுவரில் நீங்கள் பார்க்கும் ஓவியங்கள் நகல்கள். தட்டுமுட்டுச் சாமான் என்ன இருந்தது என்றே தெரியாமல் காலி வீட்டைச் சுற்றிவந்தால் எந்த அறை எதற்கு என்று புரியாது. பாதிப் பேர் க்னோசோஸிலிருந்து 'வெறும் கல்லும் சிமெண்டும்தான்' என்று அலுத்துக்கொண்டு திரும்புவது இதனால்தான்.

மியூசியத்துக்கு இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். 27 காட்சி அறைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் சமமாகப் பார்க்க முயன்றால் பத்தாவது அறையில் பையன் உட்கார்ந்துவிடுவான். நான்கு இடங்களில் நின்று பாருங்கள், போதும்.

முதலாவது, க்னோசோஸ் அரண்மனையின் மர மாதிரி. நடுவில் நீளமாக ஒரு முற்றம், அதைச் சுற்றி அறைகள் என்ற அமைப்பை மகன் மனத்தில் பதிய வைத்துக்கொள்ளட்டும். மறுநாள் வழி சொல்லும் வேலையை அவனிடமே விட்டுவிடலாம்.

இரண்டாவது, ஃபைஸ்டோஸ் வட்டு. மூன்றாம் நாள் பார்க்கப்போகும் ஃபைஸ்டோஸ் அரண்மனையில் 1908இல் கிடைத்த, சுமார் 16 செ.மீ. குறுக்களவுள்ள சுட்ட களிமண் தட்டு. இரண்டு பக்கமும் சுருள் வழியில் குறிகள். இவை கையால் கீறியவை அல்ல, ஈரக் களிமண்ணில் முத்திரை முத்திரையாக அழுத்திப் பதித்தவை. மொத்தம் 45 விதமான குறிகள். என்ன எழுதியிருக்கிறது என்று இன்றுவரை எவராலும் உறுதியாகப் படிக்க முடியவில்லை. இறகு சூடிய தலை ஒன்று திரும்பத் திரும்ப வரும். அது எத்தனை முறை வருகிறது என்று எண்ணச் சொன்னால், பத்து வயதுப் பையன் பெரியவர்களைவிட அதிக நேரம் அங்கே நிற்பான்.

மூன்றாவது, அறுவடைக்காரர் குவளை. கறுத்த மாக்கல்லில் செதுக்கியது, மேல் பாதி மட்டுமே அசல். தோளில் நீண்ட கவைக்கோல்களைச் சாய்த்துக்கொண்டு ஆட்கள் வரிசையாக நடக்கிறார்கள். நடுவே ஒருவர் கிலுகிலுப்பை போன்ற தாளக்கருவியை ஆட்டிப் பாடுகிறார். வாய் அகலத் திறந்திருக்கிறது. மூச்சை இழுத்துப் பிடித்ததில் விலா எலும்புகள் வரிவரியாகத் தெரிகின்றன. கண்ணாடிக்கு வெகு அருகில் போனால்தான் இது தெரியும். தங்கத் தேனீப் பதக்கத்தைச் சுற்றி நிற்கும் கூட்டம் பெரும்பாலும் இதைத் தவறவிட்டுவிடுகிறது.

நான்காவது, மாடியில் உள்ள சுவரோவியங்கள். ஒவ்வொன்றையும் பக்கவாட்டில் நின்று பாருங்கள். சற்றே புடைத்து, சொரசொரப்பாக, நிறம் மங்கி இருக்கும் துண்டுகளே அசல். வழவழவென்று சமமாக இருப்பவை இருபதாம் நூற்றாண்டில் ஊகித்து வரைந்து நிரப்பியவை. சில படங்களில் அசல் உள்ளங்கை அளவுகூடத் தேறாது. குங்குமப்பூ பறிக்கும் நீல நிற உருவத்தைச் 'சிறுவன்' என்றே முதலில் முழுமைப்படுத்தினார்கள். பிறகுதான் அது குரங்கு என்று தெரிந்தது. 'அல்லி இளவரசன்' படத்தின் துண்டுகள் ஒரே ஆளுடையவைதானா என்பதே விவாதத்தில் இருக்கிறது. இந்தச் சந்தேகத்தோடு க்னோசோஸுக்குப் போவது நல்லது.

படம் எடுக்கலாம், ஃபிளாஷும் டிரைபாடும் கூடாது. சிலையைப் போலவே கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்று போஸ் கொடுத்தால் கிரேக்க மியூசியக் காவலர்கள் அதட்டுவார்கள். பையனிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

இனி க்னோசோஸ். ஊர் மையத்திலிருந்து தெற்கே ஐந்து கிலோமீட்டர். நகரப் பேருந்து எண் 2 நேராக வாசலில் விடும். டிக்கெட்டைத் தெருவோரக் கியோஸ்க்கில் வாங்குங்கள், பஸ்ஸுக்குள் வாங்கினால் விலை கூடுதல். காரில் போனால் கடைசி அரை கிலோமீட்டரில் சாலையோரம் ஆட்கள் கைகாட்டி வண்டியை உள்ளே திருப்பச் சொல்வார்கள். அவை கட்டணத் தனியார் பார்க்கிங். நிற்காமல் நுழைவாயில் வரை போய், அங்கே உள்ள இலவசப் பார்க்கிங்கில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எட்டு மணிக்கு இருக்கும்.

நுழைவுச் சீட்டு நேரம் குறித்து விற்கப்படுகிறது. கிரேக்கக் கலாச்சார அமைச்சகத்தின் மின்சீட்டுத் தளத்தில் முதல் நேரத்துக்கே வாங்குங்கள். தேடுபொறியில் மேலே வரும் தளங்கள் பலவும் இடைத்தரகர்களுடையவை; அதே சீட்டோடு ஒலி வழிகாட்டியைச் சேர்த்து விலையை ஏற்றியிருப்பார்கள். பழைய பயணக் குறிப்புகளில் மியூசியத்துக்கும் க்னோசோஸுக்கும் சேர்த்து ஒரே சீட்டு என்று எழுதியிருக்கும். அதை நம்பிப் போகாமல் தனித்தனியே வாங்கிவிடுங்கள். மூத்தோர் சலுகை ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு மட்டும்தான், ஆகவே அம்மாவுக்கு முழுக் கட்டணம். மகனுக்கான வயதுப் பிரிவை வாங்கும் பக்கத்திலேயே படித்துத் தேர்ந்தெடுங்கள். வாசலில் அவனுடைய பாஸ்போர்ட்டைக் கேட்கலாம்.

உங்கள் தேதியில் ஒரு சிக்கல் இருக்கிறது. செப்டம்பர் கடைசி சனி, ஞாயிறு இரண்டு நாளும் அரசுத் தொல்லியல் இடங்களில் அனுமதி இலவசம். மிச்சமாகும் காசுக்கு மேல் வரிசையில் வதைபடுவீர்கள். க்னோசோஸையும் மியூசியத்தையும் வாரநாளில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: கோடை நேரம் செப்டம்பர் தொடக்கத்திலிருந்து படிப்படியாக, பதினைந்து நாளுக்கு அரை மணி என்ற கணக்கில் குறைந்துகொண்டே வரும். ஜூலையில் போய்வந்தவர் சொன்ன மூடும் நேரம் உங்களுக்குப் பொருந்தாது. மியூசியம் புதன்கிழமைகளில் பிற்பகலில்தான் திறப்பது வழக்கம். உங்கள் வாரத்துக்கான நேரத்தை அதன் சொந்தத் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

உள்ளே நுழைந்ததும் மேற்கு முற்றத்தில் நின்று ஆற அமரப் படம் எடுக்காதீர்கள். நேராக நடு முற்றத்துக்குப் போய், அதன் மேற்குப் பக்கம் உள்ள அரியணை அறையைப் பாருங்கள். வாசலில் நின்று எட்டிப் பார்க்க மட்டுமே முடியும் என்பதால் வரிசை நகராது. காலை எட்டேகாலுக்கு ஐந்து நிமிடத்தில் முடிவது, கப்பல் பயணிகளின் பஸ்கள் வந்தபின் முக்கால் மணி நேரம் வெயிலில் நிற்பதாக மாறிவிடும். முன்னறையில் இருக்கும் மர நாற்காலி நகல். உள்ளே சுவரை ஒட்டி இருக்கும் கல் இருக்கைதான் 1900இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ் தோண்டியபோது கிடைத்தது. சுற்றியுள்ள கிரிஃபின் (கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கற்பனை விலங்கு) ஓவியங்கள் பின்னால் வரைந்தவை.

அதன் பிறகு நிதானமாக மேற்குப் பக்கத்துக் களஞ்சியங்களைப் பாருங்கள். நீளமான, குறுகலான அறைகள், ஆள் உயரத் தாழிகள். நெற்குதிர் பார்த்து வளர்ந்த அம்மாவுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. எண்ணெயும் தானியமும் இங்கே வந்து சேர்ந்து, கணக்கெழுதிப் பங்கிடப்பட்டன. கணக்கெழுதியது சுடாத களிமண் பலகைகளில். அரண்மனையை எரித்த தீயே அவற்றைச் சுட்டுக் கெட்டியாக்கிக் காப்பாற்றியது. அவற்றில் உள்ள, லீனியர் பி எனப்படும் பழங்கிரேக்க எழுத்தை மைக்கேல் வென்ட்ரிஸ் 1952இல் முதன்முதலாகப் படித்தார்.

மேலே தடித்தும் கீழே சிறுத்தும் நிற்கும் சிவப்புத் தூண்கள் கான்கிரீட். அசல் தூண்கள் மரம், எரிந்து கரியாகிவிட்டன. எவன்ஸ் முதலில் மரத்தாலேயே தாங்கு கொடுத்துப் பார்த்தார், கிரீட்டின் மழைக்கால ஈரத்தில் அது உளுத்தது. பிறகு 1920களில் இரும்பும் கான்கிரீட்டுமாகக் கட்டினார். அதனால் மாடிகள் விழாமல் நின்றன, உண்மைதான். ஆனால் எது மினோவர் (இந்த அரண்மனைகளைக் கட்டிய வெண்கலக் காலக் கிரீட் மக்கள்) கட்டியது, எது எவன்ஸின் கற்பனை என்று பிரித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். ஆகவே கைடு க்னோசோஸுக்கு மட்டும் தேவை. வாசலில் அரசு உரிமம் பெற்றவர்கள் குழு சேர்ப்பார்கள். அடையாள அட்டை, மொழி, தலைக்கு எவ்வளவு, குழுவில் எத்தனை பேர் ஆகிய நான்கையும் கேட்ட பிறகு சேருங்கள். கைடு வைத்தால் அவர் கிளம்புவதற்குள் அரியணை அறையைப் பார்த்துவிட நேரம் இருக்கிறதா என்று கேளுங்கள், அல்லது அங்கிருந்தே தொடங்கச் சொல்லுங்கள்.

அம்மாவின் முழங்கால் பற்றி: மேற்கு முற்றமும் நடு முற்றமும் பெரும்பாலும் சமதளம், மரப் பலகை நடைபாதையும் உண்டு. சிரமம் கிழக்குப் பக்கச் சரிவில். அங்கே போகாவிட்டாலும் பெரிய இழப்பில்லை. தரைக் கல்லில் பல இடங்களில் ஜிப்சம். கால்பட்டுக் கால்பட்டு வழவழப்பாகிவிட்டது, லேசாக நனைந்தாலும் வழுக்கும். ரப்பர் அடிப்பாகமுள்ள, பின்பக்கம் பட்டை உள்ள செருப்பு வேண்டும். நிழல் குறைவு. பத்தரைக்குள் வெளியே வந்துவிடுங்கள்.

மூன்றாம் நாள் ஃபைஸ்டோஸ். அவசியமா என்றால், அவசியம். இதுவும் அதே காலத்து அரண்மனைதான், ஆனால் தோண்டிய இத்தாலியர்கள் கான்கிரீட் ஏற்றாமல் கிடைத்ததைக் கிடைத்தபடி விட்டார்கள். முந்தைய நாள் பார்த்த அதே நடு முற்றத்தைச் சாயம் பூசாமல் பார்க்கலாம். க்னோசோஸ், ஃபைஸ்டோஸ் உட்பட ஆறு மினோவ அரண்மனை மையங்கள் 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. ஹெராக்லியோனிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர், மலைச் சாலை. இடிபாடுகளுக்குப் படியிறங்க வேண்டும். அம்மா இறங்காவிட்டாலும் மேலே சிற்றுண்டிக்கடைப் பக்கமிருந்தே மொத்த அரண்மனையும், மெசாரா சமவெளியும், எதிரே ப்ஸிலோரீட்டிஸ் மலையும் தெரியும்.

திரும்பும் வழியில் கோர்டினா என்ற பழைய நகரத்தின் இடிபாடுகளில் இறங்குங்கள். சமதரை, அரை மணி நேரம் போதும். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டுச் சட்டம் சுமார் 600 வரிகளாக ஒரு சுவரில் வெட்டப்பட்டிருக்கிறது: சொத்துப் பங்கீடு, மணமுறிவு, அடிமைகள் பற்றிய விதிகள். ஒரு வரி இடமிருந்து வலம், அடுத்தது வலமிருந்து இடம். ஏர் உழும் மாடு வரப்பில் திரும்பி அடுத்த சாலில் வருவதுபோல. இந்த முறைக்குக் கிரேக்கர் வைத்த பெயரும் மாடு திரும்புவதையே குறிக்கிறது. திரும்பும் வரிகளில் எழுத்துகளும் முகம் திரும்பி நிற்பதைக் கவனியுங்கள்.

இந்தப் பயணத்துக்கு வாடகைக் கார் வசதி, ஏனென்றால் பஸ் ஒரு நாளைக்குச் சிலதான். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். கிளம்பும் முன்பே உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிவிடுங்கள், ஓராண்டு செல்லும். அங்கே கார்கள் பெரும்பாலும் கியர் வண்டி, போக்குவரத்து வலப்பக்கம். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். சாலைப் பலகைகளில் ஃபைஸ்டோஸ் 'ஃபெஸ்டோஸ்' என்றும், ஹெராக்லியோன் 'இராக்லியோ' என்றும் இருக்கும். வழி தவறிவிட்டதாகப் பதற வேண்டாம்.

நான்காம் நாளுக்கு ஸ்பினாலொங்கா. வெனிஸ்காரர்களின் தீவுக்கோட்டை, 1903 முதல் 1957 வரை தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்த இடம். எதிர்க்கரையில் உள்ள பிளாக்கா என்ற ஊரிலிருந்து படகு பத்து நிமிடத்தில் போய்விடும், பக்கத்து ஊரான எலவுண்டாவிலிருந்து கொஞ்சம் கூடுதல். படகுக் கட்டணத்தில் கோட்டை நுழைவுச் சீட்டு சேராது. சுற்றிவர ஒரு மணி நேரம். நிழலே இல்லை, பாதையும் கரடுமுரடு. அம்மா நுழைவுச் சுரங்கம் தாண்டி, பழைய கடைத்தெரு வரை வந்தால் போதும். காற்று பலமாக வீசும் நாளில் படகுகள் நிற்கும், ஆகவே காலையில் கிளம்பும் முன் போன் செய்து கேளுங்கள். இறங்கும்போது, திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதைப் படகுக்காரரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.