4 ஜிபி ராமில் எந்த கேம் ஓடும்?

உங்கள் லேப்டாப்பில் 4 ஜிபி ராம், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை, ஜிடிஏ 5 திணறுகிறது, கதையோ யோசனையோ உள்ள கேம் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிய முப்பரிமாண கேம்களின் தரத்தைக் குறைத்துக் குறைத்து ஓட்டிப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். சிறிய கணினியிலும் முழு அழகோடு ஓடும் கேம்களே நிறைய இருக்கின்றன.

முதலில் 'பேப்பர்ஸ், ப்ளீஸ்'. 2013இல் லூகாஸ் போப் உருவாக்கியது. 1982இல், ஒரு கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில் நீங்கள் பாஸ்போர்ட் சரிபார்க்கும் அதிகாரி. தவறாக ஆட்களை அனுமதித்துக்கொண்டே போனால் சம்பளத்தில் பிடித்தம். வீட்டிலோ பிள்ளைக்கு மருந்து வாங்க வேண்டும். கணவரை அனுமதித்த பிறகு, சரியான அனுமதிச் சீட்டு இல்லாமல் மனைவி வந்து நிற்கும்போது முத்திரையை எங்கே குத்துவீர்கள்? எனக்குக் கை நடுங்கியது.

வியூகம் பிடிக்கும் என்றால் 'இன்டூ தி பிரீச்'. எதிரி அடுத்து என்ன செய்வான் என்பதை முன்பே காட்டிவிடும், ஆனாலும் வியர்க்கும். காசு செலவழிக்க விருப்பமில்லையா? 'ஓப்பன்டிடிடி' இலவசம். ரயில் பாதை போட ஆரம்பித்தால் இரவு போவதே தெரியாது.

அப்புறம், தனி கார்டு இல்லாததால் உங்கள் லேப்டாப்பின் உள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் சிப் ராமிலிருந்துதான் நினைவகத்தை எடுத்துக்கொள்ளும். அதனால் விளையாடும் முன் பிரவுசரை முழுவதும் மூடுங்கள். ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் வாங்கினால் 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எந்த பிராசசர் என்று சொல்லுங்கள், இன்னும் சில பெயர்கள் தருகிறேன்.