வாங்குவோர் கேள்வி-பதில்: பள்ளி லினக்ஸுக்குத் தெரியாத வைஃபை

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கணினியையும், விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸையும் பற்றியவை. தமிழக-கேரள எல்லையான வாளையாறுக்கு இப்புறத்திலிருந்தும் அப்புறத்திலிருந்தும் வந்தவற்றில் சிலவற்றைச் சுருக்கித் தருகிறேன். கடைகளின் பெயர்களை நானே நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: மகள் தமிழ்வழியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். கோவையில் 46,000 ரூபாய்க்குப் புது மடிக்கணினி வாங்கினோம். பள்ளியில் இருப்பது போலவே வீட்டிலும் இருக்கட்டும் என்று ஆசிரியர் கைட் லினக்ஸ் 22.04-ஐ நிறுவித் தந்தார். வைஃபை தெரியவே இல்லை. கணினி பழுது என்கிறார்கள் பள்ளியில். விண்டோஸில் வேலை செய்கிறது, லினக்ஸுக்கு நான் பொறுப்பில்லை என்கிறார் கடைக்காரர். யார் சொல்வது சரி? *(கொழிஞ்சாம்பாறை வாசகி)*

பதில்: கணினியும் பழுதில்லை, லினக்ஸும் பழுதில்லை அம்மா, இரண்டுக்கும் வயது பொருந்தவில்லை, அவ்வளவுதான். கேரளப் பள்ளிகளுக்காகக் கைட் நிறுவனம் தரும் அந்த இயங்குதளம் உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் 22.04 பதிப்பை அடிப்படையாகக் கொண்டது. உபுண்டுவின் அந்தப் பதிப்பு, எண்ணே சொல்வது போல, 2022-ஆம் ஆண்டு நான்காம் மாதத்தில் வந்தது. இயங்குதளத்துக்குள் வன்பொருளோடு நேரடியாகப் பேசும் பகுதியைக் கெர்னல் என்பார்கள். வைஃபை, ஒலி, திரை ஆகியவற்றை இயக்கும் டிரைவர் என்ற சிறு மென்பொருள்களில் பெரும்பாலானவை லினக்ஸில் அந்தக் கெர்னலுக்குள்ளேயே இருக்கும். 22.04 வெளியானபோது அதில் இருந்தது கெர்னல் 5.15. நீங்கள் அனுப்பிய படத்தின்படி உங்கள் வைஃபை அட்டை ரியல்டெக் 8852பிஇ. அதற்கான டிரைவர் 2023 பிப்ரவரியில் வந்த கெர்னல் 6.2-இல்தான் சேர்க்கப்பட்டது. 2022-இல் அச்சிட்ட வாக்காளர் பட்டியலில் 2023-இல் பெயர் சேர்த்தவரைத் தேடினால் எப்படிக் கிடைப்பார்?

பள்ளிக்காக ஏன் பழையதைத் தருகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். செய்முறைத் தேர்வு நாளன்று எல்லாப் பள்ளிகளிலும் எல்லாக் கணினிகளும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்றால், அடிக்கடி மாறாத ஒன்றைத்தான் தர முடியும். நம்பகம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த மாறாமையைத்தான், அதற்குக் கொடுக்கும் விலைதான் உங்கள் வைஃபை.

சரிசெய்ய எளிய வழி உண்டு. கைப்பேசியைக் கேபிளால் கணினியோடு இணைத்து, யுஎஸ்பி டெதரிங் வழியாக இணையத்தைக் கொடுங்கள். பிறகு, 22.04-க்கான எச்.டபிள்யூ.இ. கெர்னலை நிறுவித் தரும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். பழைய பதிப்பைக் கைவிடாமலேயே புதிய வன்பொருளைப் பயன்படுத்துவதற்காக உபுண்டுவே தரும் கெர்னல் அது, 22.04-க்கு 6.8 வரை தந்திருக்கிறார்கள். கணினியைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். வாங்கும்போது லினக்ஸ் போடப் போகிறோம் என்று நீங்கள் சொல்லியிருக்காவிட்டால், கடைக்காரர் மீதும் குற்றம் சொல்ல இயலாது.

கேள்வி: உபுண்டு, மின்ட், ஃபெடோரா, டெபியன் என்று லினக்ஸில் பல வகைகள். இவற்றில் சிறந்தது எது? ஒரே வார்த்தையில் சொல்லவும். *(பொள்ளாச்சி மாணவர்)*

பதில்: கணினி எந்த ஆண்டு வாங்கியது என்றுகூட எழுதாதவருக்கு ஒரே வார்த்தையில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை, தம்பி.

கேள்வி: சித்தப்பா கொடுத்த 2020-ஆம் ஆண்டு மடிக்கணினி என்னிடம் உள்ளது. லினக்ஸ் எனக்குப் புதிது. மின்ட் பழைய கெர்னலோடு வருவதால் ஃபெடோராவே மேல் என்கிறான் நண்பன். *(மீனாட்சிபுரம்)*

பதில்: இப்படிக் கேட்க வேண்டும். மின்ட் போதும். உங்கள் கணினியில் உள்ள எதுவும் மின்ட் 22-க்குப் புதியதாக இருக்காது. அது 2024-இல் வந்தது, 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் கிடைக்கும். ஃபெடோரா ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு ஒரு பதிப்பு வெளியிடும், ஒவ்வொரு பதிப்பின் ஆயுளும் சுமார் பதின்மூன்று மாதங்கள். அந்த ஓட்டத்தோடு ஓடுவதால் கிடைக்கும் பலன் புதிய வன்பொருளுக்கான ஆதரவு. உங்களுக்குத் தேவையில்லாத அந்தப் பலனுக்காக ஆண்டுதோறும் இயங்குதளத்தை மாற்றிக்கொண்டிருப்பானேன்? உங்கள் நண்பர் வைத்திருப்பது சென்ற மாதம் வாங்கிய கணினியாக இருந்தால், அவருக்கு அவர் சொன்னது சரி.

கேள்வி: எங்கள் தேங்காய் மண்டியில் இருப்பது 2012-இல் வாங்கிய மேசைக்கணினி, என்விடியா ஜிடி 610 கிராஃபிக்ஸ் அட்டையோடு. விண்டோஸ் 10 முடிந்துவிட்டதால், இருப்பதிலேயே புதிய லினக்ஸைப் போடுங்கள் என்று தெரிந்தவர் சொல்கிறார். கணக்கு டாலியில் உள்ளது. *(வேலந்தாவளம் வியாபாரி)*

பதில்: புதியது எல்லாம் பழையதையும் தாங்கும் என்று நினைப்பது தவறு. உங்கள் அட்டைக்கான என்விடியாவின் சொந்த டிரைவர் 390 வரிசையைச் சேர்ந்தது. அதற்கான ஆதரவை அந்த நிறுவனமே 2022 இறுதியில் நிறுத்திவிட்டது, பிறகு வந்த கெர்னல்களோடு அது தானாகப் பொருந்தாது. லினக்ஸிலேயே உள்ள நூவோ டிரைவர் கடிதம் அடிக்கவும் இணையம் பார்க்கவும் போதும். அதுவும் தடுமாறினால் அட்டையைக் கழற்றிவிட்டு, தாய்ப்பலகையில் உள்ள திரை இணைப்பில் கேபிளைச் செருகிப் பாருங்கள். மண்டிக் கணக்குக்கு விளையாட்டு அட்டை எதற்கு?

டாலி லினக்ஸில் நேரடியாக ஓடாது என்பதுதான் உங்கள் உண்மையான சிக்கல். அந்த ஒரு மென்பொருளே உங்கள் தொழில் என்றால் லினக்ஸ் உங்களுக்கு இல்லை. விண்டோஸ் 10-க்கு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை தாக்குப் பிடிக்கலாம், அதற்குள் வேறு கணினிக்குப் பணம் ஒதுக்குங்கள்.

கேள்வி: ‘லினக்ஸ் ஆதரவு உண்டு’ என்று போட்டிருந்ததைப் பார்த்து யுஎஸ்பி வைஃபை ஒன்று இணையத்தில் வாங்கினேன். நண்பனிடம் உள்ள அதே மாடல்தான். அவனுக்கு ஓடுகிறது, எனக்கு ஓடவில்லை. *(முதலமடை)*

பதில்: உங்களிடம் ஒன்று இருக்கிறது, என் மேசை இழுப்பறையில் மூன்று இருக்கின்றன. முதலாவது செருகியவுடன் ஓடியது என்பதால், அதே மாடல் எண்ணைப் பார்த்து இரண்டாவதை வாங்கினேன், ஓடவில்லை. தவறு என்னுடையதாக இருக்கும் என்று நினைத்து மூன்றாவதை வாங்கினேன். பிறகுதான் பின்பக்கத்து ஒட்டுத்தாளில் பொடி எழுத்தில் ‘வி2’ என்று இருந்ததைக் கண்ணாடி போட்டுப் படித்தேன். பெட்டியும் எண்ணும் நிறமும் அப்படியே இருக்க, உள்ளே இருந்த சில்லு மட்டும் வேறு நிறுவனத்துடையது.

இந்த வழக்கத்தின் மீது எனக்குள்ள கோபம் ஆறவே ஆறாது. மடிக்கணினி விளம்பரத் தாளை எடுத்துப் பாருங்கள்: செயலியின் பெயர் இருக்கும், எடை கிராம் கணக்கில் இருக்கும், மூடியின் நிறத்துக்குக் கவிதை போல ஒரு பெயர் இருக்கும், வைஃபை என்ற இடத்தில் மட்டும் ‘வைஃபை 6’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். பாலக்காட்டு மட்டை அரிசியா பொன்னியா என்று சொல்லாமல் ‘அரிசி, 25 கிலோ’ என்று மூட்டையில் அச்சடித்து விற்றால் நாம் வாங்குவோமா? ஒரே மாடல் எண்ணுக்குள் இந்த மாதம் ஒரு நிறுவனத்தின் அட்டையும் அடுத்த மாதம் மலிவாகக் கிடைத்த இன்னொன்றும் போகின்றன. விண்டோஸ் வைத்திருப்பவருக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் டிரைவரைத் தயாரிப்பாளரே உள்ளே போட்டு அனுப்பிவிடுகிறார். லினக்ஸ் போட நினைக்கும் புதியவர்தான் அகப்பட்டுக்கொள்கிறார். ‘லினக்ஸ் ஆதரவு’ என்று அவர்கள் எழுதுவதிலும் பொருள் குறைவு. எந்தக் கெர்னலிலிருந்து என்று எழுதினால்தான் அது தகவல். எழுதாதவரை அது வெறும் அலங்காரம்.

ஆகவே அட்டையின் பெயரை நாமே கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. கடையில் பார்வைக்கு வைத்திருக்கும் கணினியில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்கள் என்ற வரிசையில் உள்ள பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைவிட மேலான வழி, 8 ஜிபி பென்டிரைவில் மின்ட்டை எழுதிக் கையோடு கொண்டுபோவது. நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம், நிறுவு என்று நீங்கள் சொல்லாதவரை அது வட்டைத் தொடாது. வைஃபை, ஒலி, கேமரா, டச்பேட் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, மூடியை மூடித் திறந்து உறக்கத்திலிருந்து எழுகிறதா என்றும் பாருங்கள். பத்து நிமிட வேலை. பெட்டிக்குள் இருப்பதும் இதே அட்டைதான் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுக்கும் கடையில் பணத்தை எடுக்காதீர்கள்.

கேள்வி: வெளியான வாரமே வாங்கிய மடிக்கணினியில் ஃபெடோரா போட்டேன், எல்லாம் ஓடியது. புராஜெக்ட் சமர்ப்பிப்பதற்கு முந்தைய இரவு புதுப்பித்தேன். இப்போது திரை கறுப்பாக நிற்கிறது. நகல் எடுத்து வைக்கவில்லை. யாரிடம் புகார் செய்வது? *(சித்தூர்)*

பதில்: கண்ணாடி முன்னால் நின்று செய்யுங்கள். சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தைய இரவு புதுப்பித்தது ஒரு தவறு, நகல் இல்லாமல் புதுப்பித்தது அதைவிடப் பெரியது. ஆனாலும் உங்கள் கோப்புகள் போயிருக்க வாய்ப்புக் குறைவு. ஃபெடோரா வழக்கமாக மூன்று கெர்னல்களை வைத்திருக்கும். கணினி தொடங்கும்போது வரும் பட்டியலில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள், திரை வந்துவிடக்கூடும். வந்ததும் முதல் வேலையாகக் கோப்புகளைப் பென்டிரைவில் எடுங்கள், எனக்கு நன்றிக் கடிதம் எழுதுவது அதற்குப் பிறகு.

கேள்வி: தையல் தொழில் செய்கிறேன். பாலக்காட்டில் ஒரு கடையில் ‘விண்டோஸ் 11, புதுசு போல’ என்று சொல்லி 19,500 ரூபாய்க்கு மடிக்கணினி விற்றார்கள். பார்த்தவர் இது ஆறாம் தலைமுறைச் செயலி, முறையாக விண்டோஸ் 11 ஏறாது என்கிறார். கடையில் கேட்டால், தமிழ்நாட்டுக்காரர் கேரளத்தில் வழக்குப் போட்டு அலைய முடியுமா என்று சிரிக்கிறார்கள். *(மதுக்கரை வாசகி)*

பதில்: அலைய வேண்டியது நீங்கள் அல்ல, அம்மா. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, வாங்கியவர் தாம் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்துக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். உங்களுக்கு அது கோவை. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணமும் இல்லை. பார்த்தவர் சொன்னது உண்மை: இன்டெல் செயலிகளில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11-க்கு முறையான ஆதரவு தருகிறது. அதற்கு முந்தையவற்றில் சோதனையைத் தாண்டி ஏற்றிவிட முடியும், ஆனால் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. இதை உங்களிடம் மறைத்து விற்றது வியாபாரச் சாமர்த்தியம் ஆகாது, ஏமாற்று.

பில்லையும், அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் விளம்பரத்தையும், செயலியின் பெயர் தெரியும் திரையின் படத்தையும் எடுத்து வையுங்கள். முதலில் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் ஒரு கடிதம் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் ஆணையத்துக்குப் போங்கள், அதற்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஒருவேளை பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துக் கணினியை உங்களிடமே விட்டால், மின்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆறாம் தலைமுறைச் செயலியில் அது நன்றாகவே ஓடும்.

கேள்வி: லினக்ஸில் தமிழ்99 விசைப்பலகை உண்டா? *(கோவிந்தாபுரம்)*

பதில்: உண்டு, ஐபஸ், எம்17என் என்ற இரண்டு தட்டச்சு மென்பொருள்களையும் நிறுவினால் பட்டியலில் வரும்.

கேள்வி: எங்களுக்கு இவ்வளவு சொல்லும் நீங்கள் எதைப் பயன்படுத்துகிறீர்கள்? *(பாலக்காடு)*

பதில்: இதை எழுதுவது 2019-இல் வாங்கிய மடிக்கணினியில், டெபியனில். அதன் பக்கத்தில், டெபியன் 12 வெளியான பிறகு சந்தைக்கு வந்த ஒன்றும் இருக்கிறது. வந்த மாதமே, யாரையும் கேட்காமல், 71,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். டெபியன் 12-இன் கெர்னல் 6.1-க்கு அதன் ஒலிபெருக்கி தெரியவில்லை. 2025 ஆகஸ்டில் கெர்னல் 6.12-உடன் டெபியன் 13 வந்த பிறகுதான் அதில் முதன்முதலாகப் பாட்டுக் கேட்டேன், அதுவரை காதில் மாட்டும் யுஎஸ்பி கருவிக்குத் தனியாக 900 ரூபாய் செலவு. மூடியை மூடினால் இன்னும் சில நாள் உறக்கத்திலிருந்து எழுவதில்லை, ஆகவே மூடுவதில்லை.